கல்லில் யாருடைய பெயர்?

ஹட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கோ பொகவந்தலாவைக்கோ பஸ்ஸில் போகிறவர்கள் நோர்வூட்டைக் கடந்துதான் போக வேண்டும். அந்த நகரில் ஒரு விமானத்தின் பழைய டயர் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது. பஸ்ஸின் ஜன்னல் வழியாக நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். மலைநாட்டில் விமானச் சக்கரத்துக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் சிலர்தான்.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயா நகரிலிருந்து ஜித்தாவுக்குப் புறப்பட்ட ஒரு விமானம் கொழும்பில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்தது. விமான நிலையத்துக்கு எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, இறங்கக் கூடாத இடத்தில் தாழ இறங்கினார்கள். மஸ்கெலியாவுக்கு அருகே ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதியது. 191 பேரும் மரணித்தார்கள். அவர்களில் 182 பேர் ஹஜ்ஜுக்காகப் புறப்பட்ட பயணிகள், 9 பேர் விமானப் பணியாளர்கள். இலங்கையில் நடந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது அதுதான். அல்லாஹ்வின் வீட்டைக் காணப் புறப்பட்ட அவர்களில் பெரும்பாலானோர் நம் தேயிலை மலையின் அடிவாரத்திலேயே அடக்கமானார்கள்.

அந்த டயரில் முகம் இல்லை. கையுயர்த்தி நிற்கும் உருவமும் இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்த ஒருவர் அதன் முன்னால் நின்றால் நெஞ்சு கனக்கும். முஸ்லிம் அங்கே நின்று துஆச் செய்யலாம். இந்துச் சகோதரி கைகூப்பலாம். பௌத்தரும் கிறிஸ்தவரும் தலைகுனிந்து நிற்கலாம். யாருக்கும் சங்கடமில்லை. பொது இடத்தில் வைக்கும் ஒரு சின்னம் எப்படி இருக்கலாம் என்பதற்கு நம் பகுதியிலேயே உள்ள நல்ல உதாரணம் அது என்று நான் நினைக்கிறேன். நம் ஊர்களில் வைக்கப்படும் சிலைகளைப் பற்றியும், வைக்கப்படாமல் விடுபட்டவர்களைப் பற்றியும் பேச அதனால்தான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

இப்போது மறுபக்கம் போவோம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பாதையில், தலவாக்கலைக்கு முன்னால், டெவன் நீர்வீழ்ச்சியும் சென்கிளயர் நீர்வீழ்ச்சியும் தெரியும் திருப்பங்கள் இருக்கின்றன. உல்லாசப் பயணிகள் வாகனத்தை நிறுத்தும் அந்த இடங்களில் இரண்டு வகைச் சிலைகளைக் காணலாம். ஒன்று ஜேம்ஸ் டெய்லரின் சிலை. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, இந்நாட்டின் தேயிலைத் தொழிலைத் தொடக்கிவைத்த ஸ்கொட்லாந்துக்காரர். மற்றது கூடை சுமந்த கொழுந்து பறிக்கும் பெண்ணின் சிலை.

முதல் சிலையைப் பார்ப்பவர் அது யாருடையது என்று அறிந்துகொள்கிறார். அவருக்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் உண்டு. இரண்டாவது சிலைக்கு அப்படி ஒன்றும் இல்லை. அவள் யாரோ ஒருத்தி. தேயிலைப் பெட்டிகளின் மேலும் சுற்றுலா விளம்பரங்களிலும் சிரித்துக்கொண்டே இருப்பவளும் அவள்தான். எல்லோருக்கும் அவள் முகம் தெரியும், ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது.

டெய்லரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பத்தொன்பது ஏக்கரில் தொடங்கியது இத்தனை மலைகளிலும் பரவியது எத்தனை ஆயிரம் கைகளால் என்ற கேள்வியைத்தான் கேட்கிறேன். அந்தக் கைகளுக்கு உரியவர்களில் ஒருவரின் பெயரையாவது அந்தப் பாதையில் நாம் வாசித்திருக்கிறோமா?

பெயர் இல்லாமல் போனது தற்செயலாக நடந்த ஒன்றல்ல. தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. ஒரு நாள் வேலை செய்தால் ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்று கேட்டால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். செக்ரோலில் நாள்தோறும் எழுதப்பட்ட பெயர், சம்பளக் கணக்கு முடிந்ததும் முடிந்துபோனது.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி இருக்கிறார். ஐம்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். "பாட்டி, உங்க பேரு என்ன?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "எந்தப் பேரு கண்ணு? செக்ரோல் பேரா, அடையாள அட்டப் பேரா, எங்க அம்மா வச்ச பேரா?" என்று திருப்பிக் கேட்டார். மூன்றும் வேறுவேறாக எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை என்றார். அன்று எனக்கு அவரிடம் மேலே எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை 2023இல் நினைவுகூர்ந்தார்கள். அவ்வாண்டு ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் நிறைவுற்றது. அக்காலத்தில் முன்னோர் காட்டுவழியே நடந்துவந்த பாதை அது. பசியாலும் நோயாலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர்களின் பிள்ளைகள் நாடற்றவர்களானார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்கள் தொகையாகப் பிரிக்கப்பட்டார்கள். அங்கும் எண்கள்தான் இருந்தன, பெயர்கள் இல்லை.

உரிமைக்காக உயிர் கொடுத்தவர்களின் பெயர்களாவது தெரியுமா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர் கோவிந்தன். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்த ஊர்வலத்தில் சுட்டுக்கொல்லப்பட்டவர் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்த்தபடி படம் எடுத்துக்கொள்ளும் ஆயிரக்கணக்கானோரில், அந்தத் தோட்டத்தின் பெயரோடு சேர்ந்த இந்தப் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

இங்கே பெற்றோர் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழலாம். "நாம் முஸ்லிம்கள். சிலைகளைப் பற்றி நமக்கென்ன? அதுவும் மகளிர் கல்லூரி மலரில்?" நியாயமான கேள்விதான். ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

உயிருள்ளவற்றின் உருவச் சிலைகளைச் செய்வது கூடாது என்பதே நம் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. அதை நாம் ஏற்கிறோம். அதே மார்க்கம், பிறர் வணங்குபவற்றை ஏசக்கூடாது என்றும் நமக்குக் கட்டளையிடுகிறது. 2018 டிசம்பரில் மாவனல்லைப் பகுதியில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, அதைச் செய்தவர்கள் நம் பெயரைச் சுமந்தவர்கள் என்று அறிந்து நாம் வெட்கித் தலைகுனிந்தோம். அக்கம்பக்கத்தாரின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்ட நாட்கள் அவை. ஆகவே மற்றவர் வைத்திருக்கும் சிலையை மதிப்பது நம் கடமை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

ஆனால் மதித்து ஒதுங்கி நிற்பதோடு கடமை முடிந்துவிட்டதா? இந்த ஊரின் வரலாறு நம்முடையதும்தான். தோட்டத் தொழிலாளரின் தொழிற்சங்க வரலாற்றில் ஏ. அஸீஸ் என்ற பெயர் தவிர்க்க முடியாதது. இலங்கை இந்தியக் காங்கிரஸின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக இருந்து, பின்னர் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை நிறுவியவர். மஸ்கெலியாத் தொகுதியைப் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்தவர். லயத்து மக்களுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்து, சம்பள நாளில் கணக்குத் தீர்த்த கடைக்காரர்கள் நம் வாப்பாமாரும் அப்பாமாரும். அவர்களின் கடைக் கொப்பிகளில் எத்தனை தொழிலாளரின் பெயர்கள் இருந்திருக்கும்! தேயிலையால்தான் இந்த நகரம் உண்டானது. அந்த நகரத்தால்தான் நாம் சாப்பிட்டோம், படித்தோம். எனவே, யாரை எப்படி நினைவுகூர்வது என்று ஊர் கூடிப் பேசும்போது, "எங்களுக்குச் சிலை ஆகாது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவிடக் கூடாது. "இப்படிச் செய்தால் எல்லோரும் சேர்ந்து நிற்கலாம்" என்று சொல்லவும் நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

நம்மிடம் இருக்கிறது என்பதே என் கருத்து. உருவமின்றி நினைவைச் சுமக்கும் கலை முஸ்லிம்களுக்குப் புதிதல்ல.

ஹட்டன் வழியாக ஒவ்வொரு பருவகாலத்திலும் இலட்சக்கணக்கானோர் நல்லதண்ணிக்குப் போய் மலை ஏறுகிறார்கள். உச்சியில் அவர்கள் காணப்போவது ஒரு பாதச் சுவடு. பௌத்தர் அதைப் புத்தரின் பாதம் என்கிறார்கள். இந்துக்கள் சிவனுடையது என்கிறார்கள். நாம் பாவா ஆதம் மலை என்கிறோம். உலகம் சுற்றிய இப்னு பதூதா 1344இல் அந்த மலையில் ஏறினார். முகம் இல்லாததால்தான் அந்த ஒரே சுவட்டை நால்வகை மக்களும் தங்களுடையதாகக் கொள்ள முடிகிறது. அங்கே ஒரு முகத்தைச் செதுக்கி வைத்திருந்தால் அதோடு சண்டையும் வந்திருக்கும்.

கொழும்புப் புறக்கோட்டையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் ஜாமிஉல் அல்பார் பள்ளிவாசலைப் பாருங்கள். 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் ஹபீபு லெப்பை சாய்பு லெப்பை. ஓர் உருவமும் இல்லாமல், செங்கல்லின் நிறத்தாலும் வடிவத்தாலும் மட்டுமே ஒரு நகரத்தின் அடையாளமாக அது நிற்கிறது. கெய்ரோவில் 1744இல் அப்துர் ரஹ்மான் கத்குதா கட்டிய கட்டடத்தில் கீழே வழிப்போக்கருக்குத் தண்ணீர், மேலே பிள்ளைகளுக்குக் குர்ஆன் மத்ரஸா. ஸபீல் என்று அழைக்கப்படும் இத்தகைய தண்ணீர்ப் பந்தல்கள் முஸ்லிம் நகரங்களின் தெருக்கலை. கண்ணுக்கு அழகு, தாகத்துக்குத் தண்ணீர், கட்டியவருக்கு ஸதகத்துல் ஜாரியா.

முஸ்லிம் உலகத்துக்கு வெளியேயும் இந்த எண்ணம் உண்டு. 1981இல் அமெரிக்கத் தலைநகரில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் அமைக்கப் போட்டி வைத்தார்கள். 1,400க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. தெரிவானது மாயா லின் என்ற பல்கலைக்கழக மாணவியுடையது. அப்போது அவருக்கு வயது 21. நிலத்துக்குள் இறங்கும் ஒரு கறுப்புக் கற்சுவர், அதில் இறந்தவர்களின் பெயர்கள் மட்டும். வீரர்களின் உருவம் இல்லாதது என்ன சின்னம் என்று பலர் கோபப்பட்டார்கள். பின்னர் அருகே ஒரு வீரர் சிலையும் வைக்கப்பட்டது. இன்றும் மக்கள் வந்து விரலால் தடவிப் பார்ப்பது அந்தப் பெயர்களைத்தான். ஒரு தாய்க்குத் தன் மகனின் பெயரைவிடப் பொருத்தமான சிலையை எந்தச் சிற்பி செதுக்கிவிட முடியும்?

நம்மவர்களைப் போலவே கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் நாடு மொரிஷியஸ். 1834க்கும் 1920க்கும் இடையில் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் அங்கே இறங்கினார்கள். அவர்கள் ஏறிய கற்படிகள் உள்ள இடமான ஆப்ரவாசி காட், 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வெறும் படிகளும் பழைய சுவர்களும்தான். அவற்றோடு வந்தவர்களின் பதிவேடுகளும் காக்கப்பட்டுள்ளன. அதனால் பேரப்பிள்ளைகள் இன்றும் தம் முன்னோரின் பெயரைத் தேடி எடுக்கிறார்கள். கங்காணியின் பின்னால் காட்டுவழியே நடந்துவந்த நம் மலையகத்தின் முதல் தலைமுறைகளுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. எஞ்சியிருக்கும் பதிவேடு வயதானவர்களின் ஞாபகம் ஒன்றுதான். அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. "கூரை ஒழுகும் லயத்தில் மக்கள் இருக்கிறார்கள். சம்பளம் போதவில்லை. இந்த நேரத்தில் கல் எதற்கு? அந்தக் காசில் நாலு கூரையைத் திருத்தலாமே?" இதைச் சொல்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். வீடும் காணியும் சம்பளமும்தான் முதலில் வேண்டும். ஆனால் பெயரில்லாத கூட்டமாக ஒரு மக்களைப் பார்க்கப் பழகியவர்களுக்குத்தான், அவர்களை நூற்றைம்பது வருடம் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் வைத்திருப்பதும் சாதாரணமாகத் தெரிகிறது. மதிப்பு வந்தால் வீடு தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மதிப்பில்லாத இடத்தில் வீடு வர மிகவும் தாமதமாகும் என்பதைத்தான் நம் கண்ணாலேயே காண்கிறோம். தவிரவும், பணத்தைப் பெரிதாகக் கேட்கும் சின்னத்தை நான் கேட்கவில்லை.

நான் கேட்பது இதுதான். ஹட்டன் நகரில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் இடத்துக்கு அருகே, ஒரு கற்சுவர். அதன் மேல் மழைக்கு ஒதுங்க ஒரு கூரை. கீழே கொழுந்துக் கூடையோடு வரும் ஒரு தாய் உட்காரும்படி ஒரு திண்ணை. பக்கத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். சுவரில் பெயர்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் போதும்: அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கொழுந்து பறித்ததாக நினைவிலிருக்கும் பெண்ணின் பெயர், அவள் வேலை செய்த தோட்டத்தின் பெயர். தமிழிலும் சிங்களத்திலும் எழுதலாம். பாதிச் சுவரை வெறுமையாக விட வேண்டும், பின்னால் வருபவர்கள் சேர்ப்பதற்காக. நகர சபையும் கோவிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் தொழிற்சங்கங்களும் ஆளுக்கொரு பங்கு போட்டால் முடியாத காரியம் அல்ல. கம்பளைக்கு அருகே நியூ பீகொக் தோட்டத்தில் பழைய லயக் காம்பிராவையே 2007இல் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கிக் காட்டியிருக்கிறார்கள். இருப்பதைக் கொண்டே செய்யலாம் என்பதற்கு அது சாட்சி.

ஒரேயொரு நிபந்தனை. நம் ஊர்களில் ஒரு பஸ் தரிப்பிடம் கட்டினாலும், திறந்துவைத்தவரின் பெயர் கட்டடத்தைவிடப் பெரிதாகத் தெரியும். இந்தச் சுவரில் திறந்துவைப்பவரின் பெயர் இருக்கக் கூடாது. ஐம்பது வருடம் கூடை சுமந்தவளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், ஐந்து நிமிடம் ரிப்பன் வெட்டியவரின் பெயர் எதற்கு?

சுவர் எழும்பும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சகோதரிகளே, வேலையை நம் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் ஒரு கொப்பி எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் வாழும் நம் வகுப்புத் தோழியரின் பாட்டிமாரிடமும், பழைய கடை நடத்திய நம் அப்பாமார், உம்மும்மாமாரிடமும் போய் உட்காருவோம். பெயரைக் கேட்போம். செக்ரோல் பெயரோடு நிறுத்திவிடாமல் தாய் வைத்த பெயரையும் கேட்போம். எந்தத் தோட்டம், எத்தனை வருடம், யாரோடு வந்தார்கள் என்று எழுதுவோம். பெற்றோரே, இதற்காக உங்கள் மகள் லயத்துப் பக்கம் போகக் கேட்டால் மறுக்காமல் நீங்களும் கூடவே போங்கள்.

நோர்வூட்டைக் கடக்கும்போது அடுத்த முறை அந்த டயரைப் பாருங்கள். வீட்டிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு, மொழி தெரியாத நாட்டின் தேயிலை மலையில் உறங்கும் அந்த மக்களுக்காக ஒரு துஆச் செய்யுங்கள். பிறகு ஜன்னலுக்கு வெளியே மலைச்சரிவில் குனிந்து நிற்பவர்களைப் பாருங்கள். அவர்களில் ஒருவரின் பெயராவது உங்களுக்குத் தெரியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பாட்டியிடம் நான் மறுபடியும் போனேன். தாய் வைத்த பெயரை என் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இதுதானா அது?" என்று கேட்டு, எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.